டெல்பர்ட் கோகர் எண்ணிய வெள்ளிக்கிழமை

டெல்பர்ட் கோகருக்குப் பேச்சு குறைவு. பதினோரு வருஷம் சுரங்கத்தில் கிடந்தவர். சுரங்கத்தை இழுத்து மூடியபோது கையில் கொடுத்ததை வைத்து, பீச் ஃபோர்க் சாலைத் திருப்பத்தில் இருந்த பழைய தீவனக் கிடங்கை வாங்கித் துப்பாக்கிக் கடை போட்டார். ஒரு பக்கம் துப்பாக்கியும் தோட்டாவும். மறுபக்கம் தூண்டில், ரப்பர் பூட்ஸ், குளிர்பெட்டி நிறைய மண்புழு. மேற்கு வர்ஜீனியா மலையில் இந்த இரண்டு பக்கமும் இருந்தால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்காது. முப்பது வருஷம் கிடக்கவில்லை.

கல்லாப்பெட்டிக்கு மேலே மத்திய அரசின் துப்பாக்கி இலாகாவைத் திட்டி அச்சடித்த ஒட்டுத்தாள்கள் தொங்கும். வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள. அந்த ஊரில் அந்த இலாகாவைத் திட்டுவது மழையைத் திட்டுவது மாதிரி. யாரும் யோசித்துத் திட்டுவதில்லை. வாஷிங்டனிலிருந்து வந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று டெல்பர்ட்டின் அப்பா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தரும் வந்து பிடுங்கவில்லை. சோதனைக்கு வந்த கிழட்டு அதிகாரி ஒருவர் ஓய்வு பெறப் போகும் வருஷம் அந்த ஒட்டுத்தாளில் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

திட்டினாலும் டெல்பர்ட் விற்பனைப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவார். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படிக்கிற ஆள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஆனாலும் துப்பாக்கி விற்கிற விதியை அவரிடம் கேட்டுப் போவதற்கு மூன்று மாவட்டத்துக் கடைக்காரர்கள் இருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

அந்த வருஷம் மான் வேட்டை தொடங்கிய மறுநாள் செவ்வாய்க்கிழமை, டென்சில் ஹாம்ரிக் கடைக்கு வந்தான். பெரியவன், சாந்தமாகப் பேசுகிறவன், மரம் வெட்டுகிற வேலை. பெண்டாட்டி ட்ரெஸி கோடையிலேயே கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அது ஊருக்கே தெரியும், டெல்பர்ட்டுக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன என்று விட்டிருந்தார். தன் பழைய துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று டென்சில் சொன்னான். ஒன்றைத் தேர்ந்தெடுத்தான், படிவத்தில் கையெழுத்துப் போட்டான். டெல்பர்ட் இலாகாவுக்கு ஃபோன் போட்டார். விற்கலாமா கூடாதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். "காத்திருங்கள்" என்று பதில் வந்தது.

காத்திரு என்றால் மூன்று வேலை நாள். அதற்குள் இலாகா வேண்டாம் என்று சொல்லாவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம். கேட்ட நாள் கணக்கில் சேராது. மாநில அலுவலகம் மூடியிருக்கிற நாளும் சேராது. புதன் ஒன்று. வியாழன் நன்றி கூறும் நாள், ஊரே வான்கோழி தின்கிற நாள். அதற்கு மறுநாள் வெள்ளியும் மாநில அலுவலகம் எல்லாம் பூட்டு. சனி ஞாயிறு கழிந்தால் திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. புதன்கிழமைதான் கொடுக்க வேண்டும்.

டெல்பர்ட் ஒரு நாள் முன்னாலேயே, செவ்வாய்க்கிழமை காலையே கொடுத்துவிட்டார். வெள்ளியை எண்ணிவிட்டார். அவர் கடைக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அந்த வெள்ளிதான். அன்று காலுக்கு ஓய்வில்லாமல் நின்றிருந்தார். அவ்வளவு வேலை பார்த்த நாள் வேலை நாளில்லை என்று எவன் நினைப்பான்?

அன்றைக்கே மூன்று மணிக்கு இலாகாவிலிருந்து ஃபோன். விற்கக் கூடாது. காரணத்தைக் கடைக்காரரிடம் சொல்லமாட்டார்கள். கொடுத்தாச்சு என்றார் டெல்பர்ட். ஆள் அனுப்புவோம், இரண்டொரு நாள் ஆகலாம் என்றார்கள்.

அவர் மனைவி நெவா புழுப்பெட்டியை மூடிவிட்டு, "ட்ரெஸி கோர்ட்டுல தடை உத்தரவு வாங்கியிருக்கா. கிட்ட வரக்கூடாது, துப்பாக்கி வச்சுக்கக்கூடாதுன்னு. போன வாரம் சர்ச்சுல அவ அக்காதான் சொன்னா. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

டெல்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

டென்சில் மலைமேல் தன் வீட்டு முற்றத்தில் மானைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தான். புதுத் துப்பாக்கி வண்டி மேல் சாய்ந்திருந்தது. மானைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, துப்பாக்கியைத் திரும்ப வாங்க வந்திருப்பதாக டெல்பர்ட் சொன்னார். டென்சில் கத்தியைத் துடைத்தான்.

"இலாகா ஆளுங்க வரட்டும் பெரியவரே. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவங்க வர ரெண்டு நாளாகும்டா. வந்தா ஆறு பேரா வருவாங்க. நான் ஒருத்தன் வந்திருக்கேன், காசும் கொண்டுவந்திருக்கேன்."

"நான் அவள ஏதாச்சும் பண்ணிடுவேன்னு நினைக்கிறீங்களா?"

"நான் எதையும் நினைக்கல. குடுத்துரு."

டென்சில் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு தோட்டாவைக் கழற்றிவிட்டு, அடிப்பக்கத்தை முன்னே நீட்டிக் கொடுத்தான். டெல்பர்ட் கிளம்பும்போது மானின் ஒரு தொடையையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். டெல்பர்ட் வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் அவமானம் ஆகியிருக்கும்.

கடைக்குத் திரும்பியதும் பதிவேட்டில் எழுதினார்: இன்ன தேதி கொடுத்தது, அதே தேதி திரும்ப வந்தது. அப்போதுதான் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கண்ணில் பட்டது.

மார்ச் மாதம் இலாகாவிலிருந்து சோதனைக்கு ரெனாட்டா ப்ரூயிட் என்கிற அதிகாரி வந்தாள். மாநிலத் தலைநகரான சார்ல்ஸ்டன்காரி, முப்பத்தைந்து வயசு இருக்கும். மூன்று நாள் புழுப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு முப்பது வருஷப் பதிவேட்டையும் புரட்டினாள். நெவா இறைச்சி அடைத்த பெப்பரோனி ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் ப்ரூயிட்டின் விரல் ஒரு வரியில் நின்றது. அதை டெல்பர்ட் பார்த்தார்.

அதற்கு முந்தைய வருஷங்களாக இருந்தால் கண்டித்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது வாஷிங்டனில் புது ஆட்சி. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் சுட்டுவிட்டான் ஒருத்தன், அதற்குப் பிறகு கண்டிப்பாக இருக்கச் சொல்லி இலாகாவை முடுக்கியிருந்தார்கள். நாள் கணக்கு முடியாமல் கொடுத்தால் உரிமம் போகும், தெரிந்து செய்திருந்தால். அந்த "தெரிந்து" என்ற ஒரு சொல்லில்தான் கடை தொங்கிக்கொண்டிருந்தது. ப்ரூயிட் அதை மறைக்காமல் சொன்னாள். "உங்க பதிவேடு மாதிரி சுத்தமான பதிவேடு நான் பாத்ததில்லைங்க. இத நான் எழுதாம இருக்க முடியாது," என்றாள். எழுதுங்கள் என்றார் டெல்பர்ட்.

செய்தி பரவியது. சட்டசபை உறுப்பினர் தாட் ப்ராக் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தேர்தல் வருஷம். முப்பது வருஷம் நேர்மையாக வியாபாரம் செய்த மனுஷனை, காலண்டரில் ஒரு நாளுக்காக வாஷிங்டன் நசுக்குகிறது என்றான். துப்பாக்கிக்காரர்கள் சங்கத்துச் செலவில் வக்கீல் வைப்பதாகச் சொன்னான். தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டான். பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள், முந்நூறு பேர் வந்தார்கள். டெல்பர்ட்டை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். "யாருக்காவது ஒரு கீறல் விழுந்ததா? ஒண்ணுமே நடக்கலை," என்று ப்ராக் கேட்டபோது கூட்டம் கை தட்டியது. டெல்பர்ட்டும் தலையை ஆட்டினார்.

மறுநாள் ட்ரெஸி கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி. ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

"நீங்க அன்னிக்கு மலை ஏறிப் போய் வாங்கிட்டு வந்தீங்க. அதுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன், இத்தனை நாள் சொல்லல."

டெல்பர்ட் பரவாயில்லை என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. அது நிஜம். ஆனா அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு ஷெரீப் ஆபீஸ்ல ஃபோன் பண்ணி, அவன் கையில துப்பாக்கி இருக்குன்னு சொன்னாங்க. யாரோ பாத்துச் சொல்லியிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் நான் பள்ளிக்கூடத்து மளிகை அறையில உள்ள பூட்டிட்டு உக்காந்திருந்தேன். இருநூறு பிள்ளைங்களுக்கு அன்னிக்கு வெறும் ரொட்டிதான். அத அந்த ஆள் ஒண்ணுமே நடக்கலைங்கிறான். நீங்க பக்கத்துல உக்காந்து தலையாட்டுறீங்க."

போய்விட்டாள்.

விசாரணை சார்ல்ஸ்டனில், ஜூன் மாதம். வக்கீல் ஒரே ஒரு பதிலைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்த வெள்ளி மாநில விடுமுறை என்பது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். தெரியாமல் செய்தால் உரிமம் தப்பும். வண்டியில் போகும்போது நெவாவும் அதையே சொன்னாள்.

"ஒரே ஒரு வரி. அதச் சொல்லிட்டா கடை நமக்கு. இந்த வயசுல வேற என்ன வேலைக்குப் போவ?"

"மூணு மாவட்டத்துல எனக்குத்தான் விதி தெரியும்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"அந்தக் கர்வத்துக்கு யாரும் கஞ்சி ஊத்த மாட்டாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவருக்கும் தெரியும்.

விசாரணை அதிகாரி நரைத்த தலைக்காரர். படிவத்தைக் காட்டி, இந்த விடுமுறை விதி தெரியுமா என்று கேட்டார். வக்கீல் டெல்பர்ட்டின் முழங்கையைத் தொட்டான்.

"தெரியுங்க. முப்பது வருஷமாத் தெரியும்," என்றார் டெல்பர்ட்.

வக்கீல் பேனாவை மூடி வைத்தான்.

"அப்படின்னா தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?"

டெல்பர்ட் யோசித்தார். அவசரப்படவில்லை. "எண்ணும்போது வெள்ளியைச் சேத்துட்டேன். கடை தொறந்திருந்துச்சு, அதனால. ஆனா எப்பவும் நான் ரெண்டு தடவ எண்ணுவேன். அன்னிக்கு ரெண்டாவது தடவ எண்ணல. பையன் முன்னால நிக்கிறான், வேட்டை முடியப்போகுது, அவன் வீட்டுல சண்டைன்னும் எனக்குத் தெரியும். எண்ணினா, இல்லப்பா போயிட்டு நாளைக்கு வான்னு சொல்லணும். சொல்லப் பிடிக்கல. அதான் எண்ணல போல."

அதிகாரி எழுதிக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை. ப்ரூயிட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. உரிமம் ரத்து. ப்ராக் பத்திரிகையில் இலாகாவைக் கிழித்துவிட்டு, டெல்பர்ட் பெயரை அதோடு விட்டுவிட்டான். ஜெயிக்கவும் ஜெயித்தான். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்கிற கட்சிக்காரப் பெண் ஒருத்தி ஃபோன் செய்து, எங்கள் மேடைக்கு வந்து இதையே பேசுங்களேன் என்றாள். ஒரு மேடையில் உட்கார்ந்ததே போதும் என்று டெல்பர்ட் ஃபோனை வைத்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் அவரை முட்டாள் என்றார்கள். சிலர் அவர் இலாகாவுக்குக் காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். எதைக் காட்டிக்கொடுத்தார் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. கடையை மூடினால் பதிவேடுகளை இலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கொளுத்திவிடு, எங்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். ஏழு பெட்டியில் கட்டி அனுப்பினார்.

துப்பாக்கிப் பக்கம் காலியானது. நெவா அங்கே கம்பளிச் சட்டையும் தேனும் அடுக்கினாள். கஞ்சிக்குக் குறைவில்லை, நெய்க்குத்தான் குறைவு.

நவம்பர் வந்தது, வேட்டை தொடங்கும் திங்கள். முப்பது வருஷமாக அந்தக் காலையில் டெல்பர்ட் நாலரை மணிக்குக் கடை திறந்து ஊரார் மறந்துபோன தோட்டாவை விற்றுக்கொண்டிருப்பார். எல்லோரும் வேட்டைக்குப் போவார்கள், துப்பாக்கி விற்கிறவர் மட்டும் போகமாட்டார். இந்த வருஷம் கடையில் தோட்டா இல்லை. தன் சொந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் மலை ஏறினார்.

மத்தியானம் வெறுங்கையோடு இறங்கி வந்தார். நெவா பூட்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் மாட்டலையா?"

"தெரியல. மரத்துல சாஞ்சு உக்காந்தேன், தூங்கிட்டேன்."

"நல்ல வேட்டைக்காரன் போ," என்று நெவா சூப்பைச் சூடாக்கப் போனாள்.