சகலை காப்பாற்றிய பூமி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பாய்லர் ஓட்டுகிறவருக்கு இரண்டு வருடமாக வயிற்றெரிச்சல். மேலே இத்தனை டாக்டர்கள் இருந்தும் தீருகிற எரிச்சல் இல்லை அது. அதன் காரணம் மூன்றாவது மாடியில், இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தது. அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் மேலாளர். இரண்டு வருடத்துக்கு முன் பசுமை இயக்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். கேன்டீனில் பிளாஸ்டிக் கப் ஒழிந்தது. ஸ்ட்ரா காகிதத்துக்கு மாறியது. வாரம் ஒரு நாள் அலுவலக விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வருடம் ஆஸ்பத்திரிக்கு ஆகும் டீசல் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. இயக்கத்தின் வெற்றி என்று அறிக்கை வந்தது, கேடயம் வந்தது, பத்திரிகையில் படமும் வந்தது. டீசல் குடிப்பது பாய்லராயிற்றே, கப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

குறைத்தவர் பாய்லர்காரரான இவர். சலவைக்கும் சமையலுக்கும் நீராவி கொண்டுபோகும் குழாய்களில் நாற்பது இடத்தில் 'டிராப்' என்ற சின்ன இரும்புக் கூடு இருக்கும். ஆறித் தண்ணீரானதை மட்டும் வெளியே விட்டு, நீராவியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அது கெட்டால் நீராவி பாட்டுக்கு வடிகாலுக்குப் போய்க்கொண்டிருக்கும். இவர் ஸ்குரூ டிரைவரின் நுனியை டிராப்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். விட்டு விட்டுச் சொடுக்கினால் நலம், விடாமல் இரைந்தால் கோளாறு. ஒரு வருடம் முழுக்க ஒவ்வொன்றாகக் கேட்டு, கழற்றி, சரிசெய்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாக வந்து கேட்கட்டும் என்று ஒரு வீம்பு.

"என் தங்கச்சி புருஷன் பூமியையே காப்பாத்துறாரு. நீங்க என்னடான்னா காலையில எழுந்து புகை விடப் போறீங்க" என்பாள் மனைவி. கேடயத்தோடு சகலை நிற்கும் படத்தைக் கத்தரித்துப் பிரிட்ஜ் கதவில் வேறு ஒட்டியிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் சகலை பல்லைக் காட்டினார்.

இந்த வருடம் சகலையின் பெயரை இன்னும் பெரிய கேடயத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று இவருக்குப் பொறாமை தலைக்கேறிவிட்டது. கப்பை ஒழித்தால் டீசல் மிச்சமா? பார்த்துவிடலாம். ஒவ்வொரு டிராப்புக்குப் பக்கத்திலும், பழுது பார்க்கும் நேரத்தில் நீராவியைத் திருப்பிவிட ஒரு வால்வு உண்டு. ஆறு இடத்தில் அதை அரைத் திருகு திறந்து, நீராவியை வடிகாலுக்குப் போக விட்டார். சொந்தப் பிள்ளையைக் கிள்ளுவது போலத்தான் இருந்தது. ஆனாலும் கிள்ளினார்.

மாத முடிவில் டீசல் ஏறிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. சகலையின் மூக்கு உடையும் என்று ஆவலாகக் காத்திருந்தார். உடைந்தால்தானே? ஊழியர்களிடம் ஆர்வம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, விளக்கணைக்கும் நேரத்தை இரண்டு மணியாக்கினார்கள். "பாவம் அவரு, தனி ஆளா எவ்வளவுதான் செய்வாரு" என்று மனைவி உருகினாள். இவருக்குக் காதில் புகை வராத குறை.

மறுநாள் சகலையே நோட்டும் கையுமாக அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"சகலை, எனக்குத் தூக்கமே இல்ல. கப்பு ஒண்ணுகூட உள்ள வரல, விளக்கையும் அணைக்கிறோம். அப்புறம் எப்படி டீசல் ஏறும்? உங்களை விட்டா யாரைக் கேக்கறது? முன்னாடியே கேட்டிருக்கணும், எனக்குத்தான் புத்தி இல்ல."

இரண்டு வருடமாகக் காத்துக் கிடந்த கேள்வி. இவர் மடை திறந்த மாதிரி பேசினார். சகலையின் காதிலேயே ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்க வைத்தார். திறந்திருந்த வால்வின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இது மாதிரி ஆறு இருக்கு. ஒரு மாசத்துல இதுல போனது, உங்க கப்பு, ஸ்ட்ரா, விளக்கு எல்லாம் சேந்து வருஷம் பூரா மிச்சம் பண்றதை விட ஜாஸ்தி."

சகலையின் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்க இவருக்கு வெல்லமாக இனித்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் சகலை தலை நிமிர்ந்தார். "அப்போ அந்த வருஷம் குறைஞ்சதும் உங்களாலதானா? உங்க கேடயத்தையா நான் வீட்ல வச்சிருக்கேன்? நாளைக்குக் கூட்டத்துல நீங்கதான் பேசறீங்க. மைக்கை நானே உங்க கையில குடுக்கறேன்." நோட்டைப் பிரித்தார். "சொல்லுங்க, எல்லாத்தையும் எழுதிக்கறேன். ஆறு வால்வு. எப்போ திறந்தது?"

"போன மாசம் ஒண்ணாந்தேதி."

"திறந்தது யாரு?"

நாலு பேர் வந்துபோகிற இடம், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேதியை அவ்வளவு சுருக்காகச் சொன்ன வாய்க்கு அது வரவில்லை.

"நான்தான்" என்றார்.

சகலை அதை எழுதவில்லை. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வால்வைக் காட்டினார்.

"முதல்ல அதை மூடுங்க சகலை" என்றார். "நாளைக்கு நானே பேசிக்கறேன்."