பஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி

மகனுக்கு முதல் பால்பல் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "காபிப்பொடி வெச்சு அழுத்தும்மா, ரத்தம் நின்னுடும்" என்று ஒரு பிடி நீட்டினார். அந்த வாசத்தில் ஓசூர் லைன் வீடு கரைந்து, ராயக்கோட்டை அம்மா வீட்டின் மதிய வெயில் வந்தது.

அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். லேசாக இடித்தாலே முட்டி பந்துபோல் வீங்கும் உடம்பு அவருக்கு. பல் பிடுங்கி மூன்று நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. அம்மா அழுத்த அழுத்தக் காபிப்பொடி சிவந்து வழிகிறது.

"அக்கா, கொஞ்சம் சக்கரையும் போடு, அப்படியே குடிச்சிடறேன்" என்கிறார் மாமா, கறுத்த ஈறு தெரிய. நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம்.

ரத்தம் உறையாத நோய் அது, தாய் வழியாகப் பையன்களுக்கு வரலாம் என்று மாமா இறந்த பிறகுதான் டாக்டர் சொன்னார். ஏழாவதோடு படிப்பை விட்ட எனக்கு அதில் பயம் மட்டும்தான் புரிந்தது. மகனுக்கு டெஸ்ட் எடுக்கவும் பயந்து தள்ளிப்போட்டேன்.

காபிப்பொடி வேண்டாமென்று மகனின் ஈறில் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"வுடும்மா, அப்பவே நின்னுடுச்சு" என்றான்.

எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு பஞ்சை எடுத்தேன்.