மூன்றாம் ஓலை

கிறிஸ்தவக் குருவாக, ஊர்ப் பேச்சில் ஐயராக, சபைகளைச் சுற்றிவந்த காலத்தில், குற்றாலம் பக்கம் ஒரு சிறு கூரைக் கோயிலில் மூன்றாம் ஓலை வாசிக்கப் போனேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைச் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்பதுதான் ஓலை; மூன்றாவதுதான் கடைசி. ஆட்சேபத்தில் நியாயம் இருக்கவேண்டியதில்லை. எழுந்து சொன்னால் போதும், விசாரணை முடியும்வரை கல்யாணம் நிற்கும்.

மணப்பெண்ணின் தாய் கதவைச் சாத்தி, அதில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள். நெடிய, எலும்பான உடம்பு. முந்தானை நுனியை முடிந்து முடிந்து அவிழ்த்தாள். வெளியே சாரலில் அவள் தம்பி. தன் மகனுக்கு இந்தப் பெண்ணைக் கேட்டு ஏமாந்தவன்.

"வெரசா வாசிங்க ஐயரே. அவன் உள்ள வந்தா நிப்பாட்டிருவான்" என்றாள்.

"கதவடைத்து வாசித்தால் செல்லாது. சட்டம் அப்படி."

"சட்டமா எம்புள்ளயக் கட்டிக்குடுக்கும்?" என்றபடியே திறந்துவிட்டாள்.

அவன் சொட்டச்சொட்ட வந்து கடைசியில் உட்கார்ந்தான். நான் வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். அவன் எழுந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கூரையை அண்ணாந்து பார்த்து, ஒழுகாத இடமாகத் தள்ளி உட்கார்ந்தான்.

ஆராதனை முடிந்ததும் அவளிடம், "ஒழுகலுக்காகத்தான் எழுந்தானா?" என்றேன்.

தம்பியின் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே, "அத அவங்கிட்ட மட்டும் கேட்டுராதீங்க ஐயரே" என்றாள்.