ஒரே பேரில் ரெண்டு பின்

அவளுக்கும் கூட வேலை பார்க்கிற சுருட்டைக்கும் ஆகவே ஆகாது. கல் உடைக்கும் இயந்திரம் செய்கிற பட்டறையின் மாடியறையில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரே இயந்திரத்தை ஆளுக்குப் பாதியாகக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தார்கள். கல்லைக் கடிக்கிற தாடை அவளுடையது. மேல்மூடி அவனுடையது. பட்டறையில் அவளை டிசைனம்மா என்பார்கள். அவளுடைய புருஷன் கீழே ஃபிட்டர், கொழுந்தன் வெல்டர்.

சண்டை பேர் வைப்பதில்தான். தான் வரைந்த பாகங்களுக்கு அவள் 'தட்டு-1', 'பின்-1' என்று வைப்பாள். சுருட்டையோ 'புதுசு', 'புதுசு-கடைசி', 'கடைசியோ கடைசி' என்று மனம்போன போக்கில் வைப்பான்.

ஒருநாள் முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே அவள் கேட்டுவிட்டாள். "எத்தனை கடைசிதான் உனக்கு? பெத்த பிள்ளைக்கும் இப்படித்தான் பேரு வைப்பியா?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சுருட்டைக்கு முகம் செத்துப்போயிற்று. வீம்புக்கு அன்றே தன் பாகங்களுக்கெல்லாம் அவளைப் போலவே பேர் மாற்றினான். மூடியைக் கோத்துத் தாங்குகிற பின் என்னும் இரும்புத் தண்டுக்கு 'பின்-1' என்று வைத்தான். எடை குறையட்டும் என்று நடுவே துளைவிட்ட, குழாய் மாதிரியான பின் அது. தாடையைத் தாங்குகிற அவளுடைய பின்னும் அதே தடிமன்தான். ஆனால் அது கெட்டி இரும்பு.

ஒரே பேரில் ஒரு பாகம் ஏற்கெனவே திறந்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடிப் போகாது. இருப்பதையே எடுத்து மாட்டிவிடும். முழு இயந்திரத்தையும் சேர்த்துத் திறந்தபோது மூடி முதலில் திறந்ததால், தாடைக்குள்ளும் போய் உட்கார்ந்தது சுருட்டையின் பின். வரைபடம் அப்படியே அச்சாகிக் கீழே போனது. பின்னைக் கடைந்து தருகிற கடைசல்காரர் அதைப் பார்த்துத் தாடைப் பின்னிலும் துளை போட்டார்.

இயந்திரத்தை ஓட்டிப் பார்த்த அன்று பக்கத்தில் நின்றது அவள் புருஷன். முதல் கல் விழுந்ததும் பின் ஒடிந்தது. தாடை பிய்த்துக்கொண்டு வந்து அவனுடைய வலது கையை முழங்கையோடு சட்டத்தில் வைத்து நசுக்கியது. படியில் நின்ற அவள் முதலில் கேட்டது கல் நொறுங்குகிற சத்தம் என்றே நினைத்தாள். அப்புறம்தான் அவன் அலறினான்.

ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாடியறைக்கு வந்து, இரண்டு பாகங்களையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சுருட்டை பின்னால் வந்து நின்று பார்த்தான். அவள் திரும்பிய வேகத்தில் அவன் கன்னத்தில் விட்டாள் ஓர் அறை.

"நீதான ஒழுங்கா பேரு வையின்னு சொன்ன!" என்று அவன் கத்தினான். "உன்ன மாதிரியேதான வச்சேன்!"

அந்த நேரத்தில் கதவை உதைத்துக்கொண்டு வெல்டர் வந்தான். ஒரு கையில் ஒடிந்த பின், இன்னொரு கையில் இரும்புக் குழாய்.

"எவன் போட்டான்டா இந்த ஓட்டைய?"

சுருட்டை வாயைத் திறப்பதற்குள் குழாய் அவன் தாடையில் இறங்கியது. பல் தெறித்துக் கீபோர்டில் விழுந்தது. விழுந்தவனை மறுபடி அடிக்க வெல்டர் ஓங்கியபோது அவள் குறுக்கே போனாள்.

"அண்ணி, தள்ளுங்க!"

"அவன மட்டும் அடிக்காத. அந்தப் பேர முதல்ல வச்சது நான். உங்க அண்ணன் கை போனதுல எனக்கும் பங்கு இருக்கு."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு அடித்தான். தோளெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கீழேயிருந்து ஓடிவந்தவர்கள் அவனைப் பிடித்து, போலீஸ் வரும்வரை மிதித்தார்கள். ஜெயிலுக்குப் போனான்.

புருஷன் வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாரு வச்ச பேரு?"

"ரெண்டு பேரும்ங்க."

இடது கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்து வீசினான். அது அவள் காதோரம் உரசிப் போய்ச் சுவரில் நசுங்கியது. அதற்கப்புறம் பல மாதம் அவளிடம் பேச்சே இல்லை. அவள் கிட்டே உட்கார்ந்து அவனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவள் கட்டுப் போட்ட தோளோடும், சுருட்டை கம்பி கட்டிய தாடையோடும் வேலைக்குத் திரும்பினார்கள். எந்த இயந்திரம், அதில் எந்தப் பகுதி, அங்கே என்ன வேலை என்று மூன்றும் சேர்ந்ததுதான் இனி ஒவ்வொரு பாகத்துக்கும் பேர். ஒரு பேர் இரண்டாவது இடத்தில் வரக் கூடாது. அவனால் பேச முடியாததால் காகிதத்தில் எழுதிச் சண்டை போட்டான். கோபம் வந்தால் பேனா காகிதத்தைக் கிழிக்கும்.

முதலாளி மாடியேறி வந்தார். "பேரு மாத்திக்கிட்டே உக்காந்திருந்தா ஆர்டர யாரு முடிக்கிறது?"

அவள் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கி அவர் காலடியில் எறிந்தாள். "பழைய பேர்லயே முடிச்சுத் தரேன். ஓட்டிப் பாக்குறப்ப நீங்க வந்து கைய உள்ள விடுங்க."

அவர் இறங்கிப் போனார். பேர் மாற்றி முடிக்கட்டும் என்று அந்த மாதம் புது ஆர்டர் எதையும் மேலே அனுப்பவில்லை.

வெல்டர் விடுதலையாகி வந்து வீட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வரத் துணிவில்லை. அண்ணன் எழுந்து போனான். போனவன் இடது கையால் தம்பி கன்னத்தில் அறைந்தான்.

"அண்ணிமேல கைய வைக்கிற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா நீ?"

அடி பலமில்லை. அந்தக் கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. இன்னொன்று ஓங்கினான், அது பாதியிலேயே தம்பி தோளில் விழுந்து அங்கேயே கிடந்தது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு மிச்சத்த அடிச்சுக்கங்க. ஆறிப்போகுது."