வேறொரு நாட்டுக்காகப் பிடித்த கேட்ச்

எங்கள் மேற்கு ஆக்லாந்துப் பெண்கள் கிரிக்கெட் கழகத்தில் நான் பதினோராவது ஆள். பென்ரோஸில் கிடங்கு வேலை. வாரம் முழுக்கக் கூரைக்குக் கீழே நிற்பவள், ஞாயிற்றுக்கிழமையாவது வெளியில் நிற்கலாம் என்றுதான் சேர்ந்தேன். மட்டை பிடிக்கத் தெரியாது. பந்து பிடிக்கத் தெரியும்.

நான் குடியிருக்கும் ரானுயியிலிருந்து என்னைக் காரில் கூட்டிப்போகிறவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். சென்னைக்காரி, கணினி வேலை. எங்கள் அணியில் ஓட்டம் எடுப்பது பெரும்பாலும் அவள்தான்.

ஒரு கோடையில், பசிபிக் தீவு நாடு ஒன்றின் தேசியப் பெண்கள் அணி எங்களோடு பயிற்சி ஆட்டம் ஆட வந்தது. ஏதோ தகுதிச் சுற்றுக்குப் போகும் வழியில் ஆக்லாந்தில் தங்கியிருந்தார்கள். தேசிய அணி என்றதும் எங்களுக்கு உள்ளூரப் பயம். வாடகை வேனில் வந்து இறங்கியவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் காய்ச்சலோடு விடுதியில் படுத்திருந்தாள். அவர்கள் ஊரில் சிமெந்துத் தரையில் பாய் விரித்துத்தான் ஆடுவார்களாம். அணித்தலைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

முதலில் அவர்கள் மட்டை பிடித்தார்கள். ஓடும்போது ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பந்து தடுக்க இறங்க வேண்டிய நேரத்தில் பத்துப் பேர்தான் மிச்சம். தலைவி எங்கள் கூடாரத்துக்கு வந்து, ஓர் ஆளைக் கடன் தர முடியுமா என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கால் பிசகியவளின் சட்டையை என் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். இலங்கையில் பிறந்தவள், நியூசிலாந்துக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள், மூன்றாவது ஒரு நாட்டின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு எல்லைக் கயிற்றின் ஓரம் போய் நின்றேன். அப்போது அதைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை. வெயில் கண்ணில் குத்தியது, அவ்வளவுதான்.

சென்னைக்காரி நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். அவள் ஓங்கி அடித்த ஒரு பந்து உயரே எழும்பி என்னை நோக்கி வந்தது. நான்கு எட்டுப் பின்னால் போய்ப் பிடித்துவிட்டேன். தீவுப் பெண்கள் தங்கள் மொழியில் கத்திக்கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி தூக்கியேவிட்டாள். எங்கள் கூடாரத்தில் யாரோ ஒருத்தி மட்டும் கை தட்டினாள். சென்னைக்காரி என் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள்.

ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது எங்களுக்கு இன்னும் ஏழு ஓட்டம் வேண்டியிருந்தது. அவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மட்டையோடு இறங்கினேன். தலைவி சிரித்துக்கொண்டே, இப்போது நீ எந்த நாடு என்று கேட்டாள். இரண்டு ஓட்டம் எடுத்தேன். அடுத்த ஓவரில் எதிர்முனையில் இருந்தவள் ஸ்டம்பைப் பறிகொடுத்தாள். அவர்கள் வென்றார்கள்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஏறியதும் சென்னைக்காரி கேட்டாள்.

"கொஞ்சம் நழுவ விட்டிருக்கலாம்லக்கா?"

"பந்து நேரா வந்து கைக்குள்ள விழுந்தது. நான் என்ன செய்யிறது?"

"ஆமா, நேராத்தான் வந்துச்சு. நான்தானே அடிச்சேன்." தடம் மாறிக்கொண்டே, "அவங்க உங்களத் தூக்கினாங்கள்ல, எனக்குக் கோவம் வந்துருச்சு" என்றாள்.

"ஓம், விளங்குது" என்றேன்.

தகுதிச் சுற்றில் அந்த அணி வரிசையாகத் தோற்றது. கிடங்கில் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் முடிவை மட்டும் பார்ப்பேன். கடைசி ஆட்டத்தில் மட்டும் வென்றார்கள். அடுத்த ஞாயிறு காரில் ஏறியதும் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்தேன்க்கா" என்றாள் அவள். "எல்லா மேட்சும் பாத்தேன். அந்தக் கால் பிசகின பொண்ணு கடைசி மேட்ச்ல ஆடுனா, கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை.