உம்மாவுக்கு இல்லாத முழங்கால் வலி

காத்மண்டு விமான நிலையத்தில் இறங்கியபோது என் முதுகுப் பைக்குள் இஸ்திரி போட்ட சேலைகள் இரண்டு இருந்தன. மலையேறும் சப்பாத்துக்கும் மழைக் கோட்டுக்கும் இடையில் அவை கசங்கிக் கிடந்தன. உம்மா மடித்து வைத்தவை. அலுவலகப் பயிற்சிக்காக வெளிநாடு போகிற மகள் நாலு பேர் முன்னால் ஒழுங்காக உடுத்தியிருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

பயிற்சி எதுவும் இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்முனையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. வாப்பா மௌத்தாகி அடக்கமாகி, எனக்கு மூத்தவள் ராத்தா கலியாணம் முடித்து அக்கரைப்பற்றுக்குப் போனபின், சாய்ந்தமருது வீட்டில் உம்மாவும் நானும் மட்டும்தான். வருடக்கணக்காகப் பகல் சாப்பாட்டு நேரத்தில், தனியாகப் பயணம் போகும் பெண்களின் வீடியோக்களை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் டிக்கெட்டை எடுத்தேவிட்டேன். கேட்டால் உம்மா விடமாட்டார் என்று நினைத்தேன். அதனால் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு உறுத்துவது அதுதான். அவர் மறுக்கவில்லை, மறுக்க நான் இடமே கொடுக்கவில்லை.

அலுவலகத்திலும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. பத்து நாள் லீவுக்குப் பெரிய காரணம் வேண்டும். உம்மாவுக்குக் கொழும்பில் முழங்கால் ஒபரேஷன் என்று மனேஜரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். உடனே கையெழுத்துப் போட்டார். “உம்மாவைப் பாத்துக்கங்க. நாங்களும் துஆ செய்றம்” என்றார்.

காத்மண்டுவில் நான் தங்கியது பெண்கள் மட்டும் தங்கும் ஒரு விடுதி அறையில். ஆறு பேருக்கு மூன்று அடுக்குக் கட்டில்கள். மேல் கட்டில் எனக்கு. பையைத் திறந்தால் உம்மா செய்த மஸ்கட் இனிப்பு, டின் நிறைய. “கூடப் படிக்கிற ஆக்களுக்குக் குடு” என்று தந்துவிட்டது. அறையில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தேன். அவர்கள் ருசித்துச் சாப்பிட்டார்கள். நான் ஒன்றும் எடுக்காமல் டின்னை மூடினேன்.

அன்று பின்னேரம் உம்மா வீடியோவில் வந்தார்.

“கூட வந்த ஆக்களக் காட்டு மகள்.”

எதிர்க் கட்டிலில் இருந்த இந்தோனேசியப் பெண்ணின் பக்கம் ஃபோனைத் திருப்பினேன். அவள் தலையில் முக்காடு இருந்தது. விஷயம் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டு சலாம் சொன்னாள். உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் ஒனக்குத் துணைக்கு ஒரு நல்ல புள்ளயத் தந்திரிக்கான். இனி எனக்குப் பயமில்ல.”

அந்தப் பெண் மறுநாள் காலையில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த இரண்டு நாளும் உம்மா அவளைச் சுகம் விசாரித்தார். நல்லா இருக்கிறாள், பக்கத்தில்தான் படிக்கிறாள் என்று சொன்னேன்.

நாலாம் நாள் பொக்கராவுக்கு பஸ் ஏறினேன். வழியில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆழத்தில் ஆறு. நடுவில் பஸ்களும் லொறிகளும் வரிசையாக நின்றன. சிக்னல் இல்லை. வீதியோரத்தில் ஒரு பெண் சுட்ட சோளம் விற்றாள். அதை வாங்கிக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் என்னைத் தேடாத அந்த மணித்தியாலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதை இங்கே மறைத்தால் அது இன்னொரு பொய்.

பொக்கராவுக்குள் பஸ் நுழையும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஃபோன் உயிர்பெற்றது. உம்மாவிடமிருந்து பதினேழு அழைப்புகள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கடை வாசலில் நின்று எடுத்தேன்.

“எங்க நிக்கிறாய் மகள்?”

“ஹோட்டல்ல உம்மா. ட்ரெய்னிங் இப்பதான் முடிஞ்சிது. ஃபோனை வெளிய வைக்கச் செல்லிட்டாங்க.”

நான் சொல்லி முடிக்கும்வரை உம்மா குறுக்கிடவில்லை. பிறகு சொன்னார்:

“நான் ஒண்ட மனேஜர்ர ஊட்டுக்குப் போய்ட்டு வந்திரிக்கன்.”

நான் நின்ற இடத்திலேயே பையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

நண்பகல் லுஹர் தொழுகையிலிருந்து நான் ஃபோன் எடுக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உம்மா ஒரு த்ரீவீலர் பிடித்து, மனேஜரின் ஊரான மருதமுனைக்குப் போயிருக்கிறார். பயிற்சிக்கு அனுப்பிய மனேஜருக்கு மகள் இருக்கிற இடம் தெரியும் என்ற நம்பிக்கை. கதவைத் திறந்த மனேஜர் திகைத்துவிட்டாராம். “உம்மா, உங்களுக்கு ஒபரேஷன் எண்டல்லவா மகள் லீவு எடுத்தவ? நீங்க கொழும்புக்குப் போகல்லியா?”

“நீங்க என்ன சொன்னீங்க உம்மா?” என்று கேட்டேன்.

“கதிரையப் புடிச்சிக்கிட்டு இரிந்தன். ஒபரேஷனத் தள்ளிப் போட்டுட்டாங்க தம்பி, மகள் டொக்டரோட கதைக்கக் கொழும்புக்குப் போனவ, ஃபோன் எடுக்கிறாவில்ல, ஒங்களோடயாவது கதைச்சாவா எண்டு கேட்டுப் போக வந்தன் எண்டு சென்னன். அவர்ர பெண்சாதி தைலம் கொண்டு வந்து தந்தா. அவவுக்கு முன்னால காலுல தேச்சன்.”

உம்மா பொய் சொல்லி நான் அறிந்ததில்லை. வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னால்கூடச் சொல்லமாட்டார்.

“ஏன் உம்மா அப்பிடிச் சொன்னீங்க?”

“பின்ன என்ன செல்ற? என்ட மகள் பொய்க்காரி எண்டா?”

நான் அழுதேன். கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். உம்மா காத்திருந்து கேட்டார்.

“இப்ப உண்மையச் செல்லு. எங்க நிக்கிறாய்? ஆரோட?”

“நேபாளத்துலதான் உம்மா. தனியத்தான் வந்தன்.”

“அந்தப் புள்ள?”

“அவ ஆரெண்டு எனக்குத் தெரியா.”

உம்மா அதை விட்டுவிட்டுக் கேட்டார்: “தனியப் போய்ப் பாக்க அங்க என்ன இரிக்கி?”

“மலை, உம்மா.”

“மலயப் பாக்கவா” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விளங்காமல் கேட்டார்.

நாளைக்கே திரும்பி வருகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வராத. டொக்டரப் பாத்து அலுவல முடிச்சிட்டு, எடுத்த லீவு முடியத்தான் வருவா எண்டு செல்லிட்டு வந்திரிக்கன். முந்தி வந்தா என்னையும் சேத்துத்தான் ஆக்கள் கதைப்பாங்க.”

அதனால் பொக்கராவிலேயே இருந்தேன். முதல் இரண்டு நாளும் மேகம். மலை இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. உம்மாவின் பதுவாதான், அவர் இட்ட சாபம்தான் என்று நினைத்துக்கொண்டேன், அவர் யாருக்கும் பதுவா கேட்கிறவர் இல்லை என்பது தெரிந்தும்.

உம்மாவைப் பார்க்க வந்திருந்த ராத்தா என்னை ஃபோனில் அழைத்தாள். “உம்மா நொண்டிக்கிட்டு நடக்கா. கேட்டா முழங்கால் எண்டா. நீ போகக்குள்ள நல்லாத்தானே இரிந்தா?” மனேஜருடைய மனைவியின் சொந்தக்காரர் எங்கள் றோட்டில் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. உம்மா யோசித்திருக்கிறார். குர்ஆன் வகுப்புக்கும் கடைக்கும் நொண்டியே போய் வந்திருக்கிறார்.

அதைக் கேட்ட மறுநாள் காலையில் மேகம் விலகி மலை வெள்ளையாக நின்றது. ஏரியில் ஒரு வள்ளத்தில் போனேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். அந்த நேரம் முழுவதும் உம்மாவின் நினைவு எனக்கு வரவில்லை. கரையில் கால் வைத்தபோதுதான் வந்தது. எடுத்த படங்களை யாருக்கும் அனுப்பவில்லை.

லீவு முடிந்து வீடு வந்தேன். உம்மா திட்டவில்லை. சோறு போட்டுத் தந்தார். பையிலிருந்து சேலைகளை எடுத்துப் பார்த்து, “உடுக்கல்லியா” என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை உம்மா தண்ணீர்கூடக் குடிக்காததைக் கண்டு என்னவென்று விசாரித்தேன்.

“நோன்பு. அந்த மனிசன்ட ஊட்டுல இரிந்து பொய் செல்லிட்டனே.”

மனேஜரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

“செல்லி? நானும் பொய்க்காரி எண்டு தெரியட்டுமா?”

“அப்ப உங்கட நோன்ப நான் புடிக்கன் உம்மா.”

“என்ட பொய்க்கு நான் புடிக்கன். ஒண்ட பொய்க்கு நீ புடி.”

வியாழக்கிழமை நான் நோன்பு பிடித்தேன். அலுவலகத்தில் தேநீர் வந்தபோது வேண்டாம் என்றேன். மனேஜர் கவனித்துவிட்டார்.

“நோன்பா? உம்மாட காலுக்கு நேர்ச்சையா?”

ஆறேழு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஓம் சேர், நேர்ச்சைதான்” என்றேன்.

மஃரிப் பாங்கு சொன்னதும், நோன்பு திறக்க எடுத்த ஈத்தம்பழத்தை வாயில் வைக்கும் முன் உம்மாவிடம் அந்தப் பொய்யைப் பற்றிச் சொன்னேன். அவர் கஞ்சிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

“குடி. மறுகா இன்னொரு நோன்பு புடி.”