பட்மின்டன் மட்டையோடு ராசாவின் கோர்ட்டுக்கு

கடந்த ஓகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, அண்ணாவும் நானும் விட்பியிலிருந்து ரொறன்ரோ நகரின் நடுப்பகுதிக்கு ஒரு நாள் போய்வந்தோம். போக ஐம்பது கிலோமீற்றர், வர ஐம்பது கிலோமீற்றர். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நாங்கள் போய்ச் சேர்ந்தது நானூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு அரண்மனை ஒன்றுக்கு என்பதால், எழுதலாம் என்றே நினைக்கிறேன்.

அரசவை பாலே மீது எனக்கு மூன்று வருடமாக ஒரு பைத்தியம். நூலகத்தில் தற்செயலாக எடுத்த படப் புத்தகம் ஒன்றில் அது தொடங்கியது. உடம்பெல்லாம் பொன்னிறம், தலையைச் சுற்றிக் கதிர்கள், சூரியனாக நிற்கும் ஒரு இளைஞன். அரசன் வேடம் போட்ட நடனக்காரன் என்று நினைத்தேன். பக்கத்தைப் புரட்டினால், அவன் உண்மையான அரசன், வேடம் சூரியனுடையதுதான். நாட்டை ஆள்கிறவன் சபை பார்க்க ஆடினான் என்பதை அதற்குப் பிறகு என்னால் விட முடியவில்லை.

ஆகவே ஜூலையில் ஒரு கோப்பிக் கடையின் அறிவித்தல் பலகையில் அந்தத் தாளைக் கண்டதும் நின்றுவிட்டேன். அரசவை நடனம், ஒரு நாள் பயிற்சி. காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை. ஆளுக்கு 65 டொலர். முடிவில் நண்பர்கள், உறவினர்கள் முன்னால் சிறிய ஆட்டம். கீழே தடித்த எழுத்தில்: ஜோடியாக மட்டுமே சேரலாம்.

ஜோடிக்கு எனக்கு அண்ணாவைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை. காரணமும் இருந்தது. அண்ணாவுக்கு ஒக்டோபரில் கலியாணம். தேவாலயத்தில் திருமணம், பின்னேரம் ஸ்காபரோவில் நானூறு பேருக்கு விருந்து. மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ் எல்லாவற்றையும் எங்கள் வீட்டு விருப்பத்துக்கே விட்ட மணப்பெண் டிலானி, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தார்: மண்டபத்துக்குள் வந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும். அண்ணா இரண்டு தடவை எங்கள் வீட்டின் கீழ்த்தளத்து பேஸ்மன்ரில் டிலானியோடு பழகிப் பார்த்தார். இரண்டு தடவையும் பாதிப் பாட்டில் கால் நின்றுவிட்டது, மேலே ஏறி வந்துவிட்டார். பயிற்சிக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை என்று முடிவைச் சொல்லும்படி டிலானி கேட்டிருந்தார். இல்லை என்று சொல்வதென்றே அண்ணா தீர்மானித்திருந்தார். அதை என்னிடம் சொன்ன பிறகு அண்ணாவின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. (இந்தப் பதிவை அண்ணாவிடம் காட்டி, சம்மதம் வாங்கித்தான் போடுகிறேன்.)

அவருக்கு நான் அனுப்பிய குறுஞ்செய்தி இதுதான்: “சனிக்கிழமை டவுன்ரவுனிலை ஒரு கோர்ட் ப்ரோக்ராம். ஜோடியாத்தான் சேர்ப்பினம். வாறியளோ?” உடனே பெருவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது.

சனி காலை எட்டு மணிக்கு விட்பி நிலையத்தில் காரை விட்டு இறங்கிய அண்ணாவின் தோளில் பட்மின்டன் பை தொங்கியது. இரண்டு மட்டை, ஒரு குழல் நிறைய இறகுப்பந்து, காலில் ரப்பர் அடி போட்ட கோர்ட் சப்பாத்து. இந்தப் பக்கத்துத் தமிழ் ஆண்களிடம் கோர்ட் என்று சொன்னால் நீதிமன்றம்கூட இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ரெயின் புறப்படும்வரை நான் வாய் திறக்கவில்லை. அது கொஞ்சம் அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

“எதிர்ப்பக்கம் ஆர் விளையாடினம்?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை. இது ராசாவின்ரை கோர்ட், அண்ணா. அரண்மனை. டான்ஸ்.”

அண்ணா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். “நான் அடுத்த ஸ்ரேசன் ஏஜாக்ஸிலை இறங்கித் திரும்பப் போறன்.”

“ரிக்கற் எடுத்தாச்சு.”

“நீ சின்னனிலை இருந்தே உப்பிடித்தான். எனக்கு ஆடத் தெரியாது எண்டு தெரிஞ்சும் கூட்டிக்கொண்டு போறாய். என்ன விசர் வேலை?”

“அவையளுக்கும் தெரியாமல்தான் பழகினவை. பிரபுக்கள், மந்திரிமார், எல்லாரும். தொழில்காரர் பிறகுதான் வந்தவை.”

ஏஜாக்ஸ் வந்தது. அண்ணா எழும்பவில்லை, ஆனால் சும்மா இருந்து பார்க்கத்தான் வருகிறேன் என்றார். மிச்சம் நாற்பது நிமிடமும் நான் கதை சொன்னேன். இத்தாலியப் பிரபுக்களின் விருந்துகளில் ஒவ்வொரு கறியும் வரும்போது இடையில் ஆட்டம் இருந்ததை, அங்கே பிறந்து பிரான்சுக்கு மருமகளாகப் போன ஒரு அரசி அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனதை, பாட்டும் கவிதையும் நடனமும் சேர்ந்து அது மணிக்கணக்காக நீளும் பெரிய காட்சியானதை. பார்ப்பவர்கள் பலர் மேல்மாடங்களில் இருந்து கீழே பார்த்தார்கள். அதனால் ஒருவருடைய காலைவிட, எல்லோரும் சேர்ந்து தரையில் போடும் கோலம்தான் முக்கியம். வட்டம், சதுரம், முக்கோணம். அரச குடும்பக் கலியாணங்களைக் கொண்டாடவும் இப்படி ஆடினார்கள் என்றேன்.

“அப்ப உதுவும் ரிசெப்ஷன்தானே,” என்றார் அண்ணா. சிரிக்கவில்லை.

யூனியன் நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்பது பத்து. அங்கிருந்து ஸ்பாடைனா வீதிப் பக்கம் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். நல்ல வெயில், நடந்தே போனோம், இருபத்தைந்து நிமிடம். ஒரு பழைய தேவாலயத்தின் பின்பக்கத்து மண்டபம். கதவைத் திறந்ததும் அண்ணா முதல் தடவையாகச் சிரித்தார். மரத்தரையில் பச்சை நிறத்தில் முழு பட்மின்டன் கோடுகள். “பார், நான் பிழையா வரேல்லை,” என்றார்.

நாங்கள் ஆறு ஜோடி. ஆசிரியை மொன்றியலில் இருந்து வந்த, அறுபது வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண். முதல் ஒரு மணி நேரமும் வணக்கம்தான். மண்டபத்தின் ஒரு முனையில் வெறுங்கதிரை ஒன்றை வைத்து, அதுதான் அரசர் என்றார். எல்லா ஆட்டமும் அந்தக் கதிரையை நோக்கிக் குனிந்து தொடங்கும், குனிந்து முடியும். பிறகு ஒரு ஜோடிச் சப்பாத்தைச் சுற்றக் கொடுத்தார்: அந்தக் காலத்து ஆண்களுடைய சப்பாத்தின் மாதிரி, உயரமான சிவப்புக் குதியோடு.

“ஆம்பிளையள் ஹீல்ஸ் போட்டவையே?” அண்ணா என் காதில் கேட்டார்.

“ஓம். காலை வெளிப்பக்கம் திருப்பி வைச்சா, அழகான காலும் சப்பாத்தும் வடிவாத் தெரியும். பாலேயிலை இண்டைக்கும் கால் திரும்பித்தான் இருக்கு.”

“ஷோ காட்டினவை எண்டு சொல்லு.”

ஷோ காட்டப்போய் மாட்டியது நான்தான். பதினொரு வருடம் பரதம் பழகிய கால். முழங்காலை மடித்து நிற்கச் சொன்னதும் அரைமண்டி தானாக வந்தது, ஆசிரியையும் மெச்சினார். அடுத்த நொடி அதே கால், அதன் வழக்கப்படி தரையில் ஓங்கித் தட்டியது. மண்டபமே அதிர்ந்தது. “அம்மா, அரசரை எழுப்பிவிடாதீர்கள்,” என்றார் ஆசிரியை ஆங்கிலத்தில். இந்த ஆட்டத்தில் எடை மேலே போக வேண்டும். மடிந்து, சத்தமில்லாமல் எழும்ப வேண்டும். சும்மா பார்க்க வந்த அண்ணா, ஓரத்தில் வேறொரு கதிரையில் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஜோடியில்லாமல் நிற்பதைக் கண்டு ஆசிரியை அவரைக் கைகாட்டி அழைக்க, சிரித்த வாயோடு எழும்பி வந்துவிட்டார். ரப்பர் சப்பாத்து தரையில் கீச்சிட்டது. கழற்றிவிட்டு, மேஸ் என்கிற காலுறையோடு ஆடினார்.

நாங்கள் பழகியது மினுவே. இருவர் ஆடும், சின்ன அடிகள் கொண்ட நடனம். இருவரும் எதிரெதிர் மூலையில் தொடங்கி, ஆங்கில இசட் எழுத்தின் வடிவில் போய், நடுவில் ஒருவரை ஒருவர் கடந்து, இடம் மாற வேண்டும். எனக்கு அது மூளைக்குள் போகவேயில்லை. அண்ணாவுக்குப் போனது.

“இஞ்சை பார். நீ அங்காலை பின் மூலை. கோட்டோடை நேரா வா. பிறகு குறுக்கால வெட்டு. நெற் இருக்கிற இடத்திலை என்னைக் கடக்கிறாய். பிறகு திரும்பவும் கோட்டோடை. மட்டை இல்லாத மிக்ஸ்ட் டபுள்ஸ், அவ்வளவுதான்.”

பக்கத்து ஜோடியும் அந்தப் பச்சைக் கோடுகளைப் பார்க்கத் தொடங்கியது. ஆசிரியைக்கு பட்மின்டன் தெரியாது; ஆனால் எல்லோரும் திடீரென்று சரியான இடத்தில் கடப்பதைக் கண்டு மகிழ்ந்தார்.

மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை. ஸ்பாடைனாவில் ஏழு டொலருக்கு வியட்நாமிய சான்ட்விச், வயிறு நிறையும். திரும்பி வந்தபோது ஆசிரியை படியில் இருந்து அப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணா நேராகப் போய்க் கேட்டார்: அரசன் ஆடும்போது பிழை விட்டால் என்ன நடக்கும்?

எனக்கு அந்தக் கேள்வி வரவேயில்லை, இத்தனை வாசித்தும்.

“அது எனக்குத் தெரியாது,” என்றார் அவர். “என் மாணவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். இடம் தவறினால் இசையைத் துரத்தாதே. நில். கதிரையைப் பார்த்து வணங்கு. இசை சுற்றி வரும்போது ஏறிக்கொள். வணங்குகிறவனை அந்தச் சபையில் யாரும் குறை சொல்ல முடியாது.”

மூன்றேகாலுக்கு ஆட்டம். முப்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். நாங்கள் நான்காவது ஜோடி. முதல் இசட் அழகாக வந்தது. இரண்டாவதில் அண்ணா எதிர்ப்பக்கம் திரும்பினார், அது பிழை என்று உணர்ந்தார், நின்றார். பேஸ்மன்ரில் இருந்து ஏறி வந்தபோது நான் கண்ட அதே முகம். கண் கதவுப் பக்கம் போனது. என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. எனக்கும் முப்பது பேர் முன்னால் நிற்பது பெரிய விருப்பமில்லை.

பிறகு அண்ணா குனிந்தார். நல்ல வணக்கம் என்று சொல்ல முடியாது. தேவாலயத்தில் முழங்கால்படியிடப் போகிறவர் பாதியில் மனம் மாறியது போல இருந்தது. நானும் குனிந்தேன். நாலைந்து பேர் கை தட்டினார்கள், அது ஆட்டத்தின் பகுதி என்று நினைத்து. இசை சுற்றி வந்தது. கோட்டோடு நேராக வந்து, குறுக்காக வெட்டி, நடுவில் என்னைக் கடக்கும்போது, “ஒருத்தருக்கும் விளங்கேல்லையடி,” என்று உதடு அசையாமல் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு, மறப்பதற்கு முன் இங்கேயே எழுதிவிடுகிறேன். வார இறுதியில் ரெயினுக்கு நாள் முழுவதுக்குமான ரிக்கற் பத்து டொலர்தான். நிலையத்தில் கார் விட இடமும் தாராளம். வழுவழுப்பான அடியுள்ள மெல்லிய சப்பாத்து கொண்டுபோங்கள், ரப்பர் வேண்டாம். பெண்கள் கணுக்காலை மறைக்காத பாவாடை உடுப்பது நல்லது. உங்கள் காலை நீங்களே பார்க்க வேண்டிவரும். தண்ணீர்ப் போத்தல் அவசியம். பரதம் பழகியவர்கள் காலுக்கு முன்கூட்டியே புத்தி சொல்லிவையுங்கள். இந்தப் பழைய ஆட்டம் ஏன் இன்னும் மனத்தைப் பிடிக்கிறது என்று கேட்டால், என் பதில் அன்று மாறிவிட்டது. பொன்னும் கதிரும்தான் காரணம் என்று இருந்தேன். தங்களைத் தெரிந்த அத்தனை பேருக்கும் முன்னால், தொழில்காரர் அல்லாத மனிதர்கள் நடுங்கிக்கொண்டு ஆடியிருப்பார்களே, அது இப்போது பொன்னைவிடப் பிடித்திருக்கிறது.

நாலு நாற்பதுக்குத் திரும்பும் ரெயின். பிக்கரிங் தாண்டும்போது ஏரி இடைக்கிடை தெரிந்தது. அண்ணா டிலானிக்கு அழைப்பு எடுத்தார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் ஃபோனின் சத்தம் கூடுதல், இரண்டு பக்கமும் கேட்டது.

“நான் யோசிச்சிட்டன். ஆடுவம்.”

டிலானி பதில் சொல்வதற்கு முன்பே அண்ணா தொடர்ந்தார்.

“ஆனா ஒண்டு. நடுவிலை நான் நிண்டிட்டா, சனத்தைப் பாத்துக் கும்பிடுவன். நீரும் என்னோடை சேர்ந்து குனிய வேணும். பிறகு பாட்டுச் சுத்தி வரேக்கை தொடங்குவம்.”

“எத்தினை தரம் நிப்பீங்கள்?”

அண்ணா நேர்மையாகக் கணக்குப் பார்த்தார். “மூண்டு. நாலும் வரலாம்.”

“அப்ப கொஞ்சம் நீளமான பாட்டா எடுப்பம்,” என்றார் டிலானி.